பட்டினி போன்

காலைச் சோதனையில் நான்கு பதில் வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. கிளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதை இறுக்கிப் பிடித்திருந்த கறுப்பு ஹெட்போனை ஒரு பக்கம் தள்ளி, காது மடலைச் சொறிந்துகொண்டு, எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தான். மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு விளையாட வேறு என்ன இருக்கிறது?

கிளி என்பது கூட இருப்பவர்கள் வைத்த பெயர். வைத்ததில் தப்பே இல்லை. அந்தப் போர்க்கப்பலின் வயிற்றுக்குள், ஜன்னல் இல்லாத சேதக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, மேலதிகாரியான சீஃப் சொல்வதைப் போனில் சொல்வதும் போனில் வருவதைச் சீஃபிடம் சொல்வதுமே அவன் உத்தியோகம். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, ஒரு வார்த்தையை விழுங்கவும் கூடாது. உத்தரவு வாங்குகிறவன் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, கடைசியில் ‘தெளிவு’ என்று முடிக்க வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் உத்தரவு போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். சும்மா ‘சரி’ என்றால் சீஃப் உயிரை எடுத்துவிடுவார். கிளி இதில் கெட்டிக்காரன். தூக்கத்தில் தட்டி எழுப்பி ஏதாவது சொன்னாலும், திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பான் என்று கேலி செய்வார்கள்.

போனுக்கும் ஒரு பெயர் உண்டு. பட்டினி போன். கரண்ட் வேண்டாம், பாட்டரி வேண்டாம், எதையும் தின்னாத சாதனம். மார்பில் தொங்கும் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால், பேசுகிறவனின் குரல் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தகட்டை ஆட்டும். அந்த ஆட்டமே கம்பியில் ஓடுகிற மின்சாரம். குண்டு விழுந்து கப்பல் முழுக்க இருண்டாலும் இது பேசும். கப்பல் மூழ்கினாலும் பேசும் என்று பயிற்சியில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மூழ்கிய பிறகு யார் பேசுவது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே கம்பி. ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று காட்ட ஒரு சின்ன விளக்குகூடக் கிடையாது. அவரவர் தங்கள் இடத்தின் பெயரைச் சொன்னால்தான் உண்டு. அன்று காலை, வழக்கம்போல, கிளி கேட்டான்.

“எல்லா இடமும். கட்டுப்பாட்டு அறை பேசுகிறது. கேட்கிறதா?”

“பிரிட்ஜ். சரியாகக் கேட்கிறது.” இது மேல்தளத்தில் கப்பலை நடத்துகிற அறை.

“எஞ்சின் அறை. சரியாகக் கேட்கிறது.”

“மூடி. சரியாகக் கேட்கிறது, தம்பி.” இது கப்பலின் தச்சர். பின்பக்கத்தில், சுக்கான் அறைக்கு இறங்கும் பெரிய இரும்பு மூடி அவர் பொறுப்பு.

“ம்ம், கேக்குது மச்சான், கேக்குது.” இது அந்த மூடிக்குக் கீழே, கப்பலைத் திருப்புகிற சுக்கான் யந்திரத்தின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவன். கிளியின் தங்கை புருஷன். கிளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கப்பல் முழுக்க அவனுக்கு மாப்ள என்றே பெயராகிவிட்டது. சீஃப்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு இழுக்கும் நேரம் கம்பியில் வெறும் இரைச்சல் ஓடியது. பிறகு அதே மாப்ளயின் குரல், கொஞ்சம் மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல, “சுக்கான் அறை. சரியாகக் கேட்கிறது,” என்றது.

உண்மையைச் சொன்னால் கிளிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு மாதமாகக் கிளி தலைகீழாக நின்றும் மாப்ள ஒரு நாள் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. உத்தரவு கொடுத்தால் திருப்பிச் சொல்ல மாட்டான். ‘ஆகட்டும்’ என்பான், ‘அதான் செஞ்சுட்டிருக்கேன்’ என்பான், சில நாள் கொட்டாவி மட்டும் விடுவான். சீஃபின் திட்டுக்குப் பயந்து இன்றாவது திருந்தினானே என்று நினைத்துக்கொண்டான்.

அந்த மகிழ்ச்சியில்தான் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தான். பட்டினி போனில் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது சட்டம். சீஃப் அப்போது தேநீர் வாங்கப் போயிருந்தார். தங்கையிடமிருந்து ஒரு செய்தி அவனிடம் இருந்தது. இந்த முறை புறப்படும் அன்று அவளுக்கும் மாப்ளக்கும் சண்டை. அவளைக் கேட்காமல் மாப்ள சமையலறைச் சுவருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டான். சாதாரணப் பச்சை அல்ல, கண்ணில் குத்துகிற பச்சை. புருஷனோடு பேச மாட்டேன் என்று அவள் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். வீட்டிலும் கிளிக்கு இதே உத்தியோகம்தான். ‘அவர்கிட்ட சொல்லுண்ணே’ என்பாள் அவள். ‘உன் தங்கச்சிகிட்ட சொல்லு மச்சான்’ என்பான் இவன். நடுவில் கம்பியாக இவன்.

“மாப்ள, உன் பொண்டாட்டி சொல்லச் சொன்னா,” என்று பொத்தானை அழுத்தினான். குளிர்காற்று தொண்டையை வறட்டியதில் நடுவில் ஒரு இருமல் வந்தது. “வந்ததும் அந்தச் சுவரை... க்ஹும்... சுரண்டிட்டுத்தான் சோறாம்.”

கம்பி முழுக்கச் சிரிப்பு. எஞ்சின் அறையில் இருந்தவன் விக்கி விக்கிச் சிரித்தான். தச்சர், “என் வீட்டுலயும் ஒரு சுவர் இருக்கு தம்பி, மாப்ளய அனுப்பி வை,” என்றார். மாப்ள சொன்னான், “வெள்ளையே அடிச்சுத் தரேன், சோத்துல மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லு மச்சான்.”

ஒவ்வொருவராகப் பொத்தானை விட்டார்கள். டிக், டிக், டிக் என்று ஒவ்வொரு சிரிப்பாக அறுந்தது. எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் கம்பியில் இருந்தது. அதில் சந்தோஷம் இல்லை. ஹ, ஹ, ஹ என்று, எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்று பார்த்துப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கிளி ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தான். அந்த ரப்பரில் எப்போதும் பழைய வியர்வையும் எண்ணெய்த் தலையும் மணக்கும். இன்று துருப்பிடித்த வாளியில் நாள்பட நின்ற தண்ணீரின் வாடை அடித்தது. துணியால் துடைத்து மாட்டிக்கொண்டான். வாடை போகவில்லை.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் மாப்ளயைப் பிடித்தான்.

“ரெண்டு தடவ எதுக்கு பதில் சொன்ன?”

“ரெண்டா? நான் ஒரு தடவ சொன்னதே பெருசு.”

“ரெண்டாவது தடவ ஒழுங்காச் சொன்னியே. சுக்கான் அறை, சரியாகக் கேட்கிறதுன்னு.”

மாப்ள கரண்டியைக் கீழே வைத்தான். “எனக்கும் கேட்டுச்சு மச்சான். நீதான் என்னய மாதிரி பேசிக் காட்டுறன்னு நெனச்சேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாப்ள தோளைக் குலுக்கிவிட்டு, பின்தளத்தில் ஒரு போன் துளை சும்மாதானே கிடக்கிறது, எவனாவது அதில் ஹெட்போனைச் செருகி வேடிக்கை காட்டுகிறான் என்றான். அதுவும் சரிதான். பின்தளம் என்பது திறந்தவெளி, சுக்கான் அறையிலிருந்து ஒரு ஒடுக்கமான அவசர ஏணி அங்கேதான் ஏறுகிறது, அந்த ஏணியின் தலைமாட்டில் ஒரு துளை உண்டு. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. மாப்ள தட்டை வழித்துவிட்டு, மச்சானின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கீழே தன் இடத்துக்குப் போனான்.

கிளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாப்ளயை இந்தக் கப்பலுக்கு இழுத்து வந்ததே அவன்தான். யார் யார் காலையோ பிடித்து, சிபாரிசு வாங்கி, ஒரே கப்பலில் இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கையிடம் வாய் நிறையச் சொல்லி வாங்கிய வேலை. ‘அவருக்கு ஒண்ணுன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேண்ணே’ என்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவள் சொன்னால் சொன்னதுதான்.

கட்டுப்பாட்டு அறையில் மறுபடி ஹெட்போனை மாட்டினான். யாரும் பேசாத நேரத்தில் அந்தக் கம்பியில் எஞ்சினின் அதிர்வு ஒரு தொலைதூர முனகலாக ஓடும், நடுநடுவே யாராவது மைக்கில் மூச்சு விடுவார்கள், அவ்வளவுதான். வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம், தாலாட்டு மாதிரி பழகிய சத்தம். இன்று அந்த முனகலுக்கு அடியில், மிக அடியில், யாரோ ஒருவர் வாய்க்குள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். காதில் விழும் முன்பே கரைந்தது. கிளி கண்ணை மூடி உற்றுக் கேட்டான்.

ம்ம், கேக்குது மச்சான். கேக்குது. கேக்குது மச்சான். ம்ம்.

“யாரது?” என்றான் பொத்தானை அழுத்தி.

சத்தம் சட்டென்று நின்றது. தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல நின்றது.

“என்னடா?” என்றார் சீஃப், வரைபட மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஒண்ணுமில்ல சார்.”

அப்போதுதான் கப்பல் அடி வாங்கியது.

அடி என்றால் வெடிச் சத்தம் இல்லை. பின்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட உரசல், இரும்பு இரும்பைக் கிழிக்கிற உரசல், பல்லெல்லாம் கூச, மேஜை மேலிருந்த கோப்பை ஓடிப்போய்ச் சுவரில் மோதி உடைந்தது. விளக்குகள் போயின. சிவப்பு அவசர விளக்கு எரிந்தது. காற்று யந்திரம் நின்றது. அந்த யந்திரத்தின் இரைச்சல் நின்றதும்தான் அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. சுவரிலிருந்த ஒலிபெருக்கி செத்துப்போயிருந்தது. சாதாரணப் போனைச் சீஃப் எடுத்துப் பார்த்துவிட்டு வீசினார்.

பட்டினி போன் மட்டும் உயிரோடு இருந்தது.

“மூடி பேசுகிறது!” தச்சரின் குரல் மூச்சு வாங்கியது. “சுக்கான் அறைக்குள்ள தண்ணி. கீழ விளக்கெல்லாம் போச்சு. எண்ணெய் பீச்சி அடிக்குது, டார்ச்சு அடிச்சா வெறும் புகைதான் தெரியுது. தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

கிளி வார்த்தை பிசகாமல் சொன்னான். கீழே மாப்ள.

“மேல வரச் சொல்லு,” என்றார் சீஃப். “அவன் வெளிய வந்ததும் மூடிய அடைக்கணும். தண்ணி மூடியத் தாண்டிச்சுன்னா அடுத்தது ஆளுங்க தூங்குற எடம். அப்புறம் கப்பலப் பிடிக்க முடியாது.”

“சுக்கான் அறை. கட்டுப்பாட்டு அறை. சுக்கான் அறையை விட்டு மேலே வா.”

பதில் உடனே வந்தது. தெளிவாக, நிதானமாக. “சுக்கான் அறையை விட்டு மேலே வருகிறேன். தெளிவு.”

கிளி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். “வரான் சார்.”

காத்திருந்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் சீஃபின் முகம் வழுக்கையும் வியர்வையுமாக மினுங்கியது. காலுக்கடியில் தரை கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதை இருவரும் உணர்ந்தார்கள், இருவரும் அதைச் சொல்லவில்லை.

“மூடி பேசுகிறது. இங்க யாரும் வரல. தண்ணி ஏறிட்டே இருக்கு. இன்னும் ரெண்டு படிதான்.”

“சுக்கான் அறை, எங்கே இருக்கிறாய்?”

“அவசர ஏணி வழியாக ஏறிவிட்டேன்,” என்றது மாப்ளயின் குரல். “பின்தளத்தில் நிற்கிறேன். மூடியை அடைக்கலாம்.”

கிளி அதைச் சீஃபிடம் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கம்பியில் இன்னொரு சத்தம் வந்தது. கரகரவென்று, தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். அதன் நடுவில் ஒரு குரல்.

“மச்சான்... மச்சான், அடைச்சிராதீங்க... கால் மாட்டிக்கிச்சு... அலமாரி விழுந்து...”

அதுவும் மாப்ளதான்.

கிளி தலையைத் தூக்கி சீஃபைப் பார்த்தான். அவர் காதில் ஹெட்போன் இல்லை. அவருக்கு இது எதுவும் தெரியாது.

“தம்பி,” என்றார் தச்சர். குரல் தாழ்ந்திருந்தது. “எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு பேரு பேசுறாங்க. எது மாப்ள? நான் எறங்கிப் பாக்கட்டா?”

“சார், ரெண்டு குரல் வருது. ரெண்டும் மாப்ள குரல்தான். ஒண்ணு பின்தளத்துல இருக்கேங்குது. ஒண்ணு கீழ மாட்டிக்கிட்டேங்குது. தச்சர் எறங்கிப் பாக்கவான்னு கேக்குறார்.”

“எறங்கினா ரெண்டு பேரும் காலி. மூடிய யாரு அடைக்கிறது?” சீஃப் நெற்றியைத் துடைத்தார். “தண்ணி கம்பிக்குள்ள போயிருக்கும். லைன் பைத்தியம் மாதிரி பேசும். பிரிட்ஜ்கிட்ட சொல்லி பின்தளத்துக்கு ஆள ஓடச் சொல்லு.”

சொன்னான். பிரிட்ஜ் திருப்பிச் சொன்னது. ஆள் ஓடினான். அவன் போய்ப் பார்த்து, திரும்பி வந்து சொல்ல வேண்டும். அதற்குள்.

“ஒரு படிதான் தம்பி!” தச்சர் கத்தினார். “அடைக்கவா வேணாமா? நீ சொல்லு. உன் வீட்டு மாப்ள. உனக்குத் தெரியாதா?”

எல்லோரும் அவன் வாயிலிருந்து வருவதற்குக் காத்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வார்த்தையைச் சுமந்த வாய். இப்போது அது சொந்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எதைக் கேட்பது? மாப்ளக்கு மட்டும் தெரிந்தது. வீட்டு விஷயம். கிளிக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. பயத்தில் வேறு எதுவுமே வரவில்லை.

“மாப்ள! உன் பொண்டாட்டி என்ன சொல்லி அனுப்பினா? சொல்லு!”

“என்ன...” கொப்பளிக்கிற குரல். “என்ன கேக்குற மச்சான்... தண்ணி... வாய்க்கு... தூக்கிவிடு மச்சான், யாரையாவது...”

“என்ன சொன்னா? சொல்லுடா!”

“மச்சான்...”

அதன் மேல் ஏறி வந்தது மற்றக் குரல். அவசரம் இல்லாமல். “வந்ததும் அந்தச் சுவரை... க்ஹும்... சுரண்டிட்டுத்தான் சோறாம்.”

சரியாகச் சொல்லிவிட்டான். சரியாக. கிளிக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்ள மேலே இருக்கிறான், பின்தளத்தில், காற்றில், உப்புத் தண்ணீர் குடித்து இருமிக்கொண்டு. மற்றது கம்பி. வெறும் கம்பி.

“பின்தளத்துல இருக்கான் சார்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“அடைக்கச் சொல்லு.”

“மூடி. கட்டுப்பாட்டு அறை. மூடியை அடை.”

“மூடியை அடைக்கிறேன். தெளிவு.” தச்சர். இரும்பு இறங்கும் சத்தம். சக்கரம் சுற்றும் சத்தம். கிறீச். கிறீச். கிறீச். அந்தச் சத்தத்துக்கு நடுவே, தூரத்தில், மெலிந்து, “என்ன மச்சான் பண்றீங்க,” என்று யாரோ கேட்டார்கள். கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்டார்கள். பிறகு தண்ணீர் விழுங்கியது.

கம்பி அமைதியாயிற்று.

சீஃப் அவன் தோளில் கை வைத்தார். நல்ல வேலை செய்தாய் என்று அர்த்தம். கிளி சிரிக்கப் பார்த்தான். தொண்டையை வறட்டியது. இருமினான்.

க்ஹும்.

இருமலின் சத்தம் அவன் காதிலேயே விழுந்தது.

அந்த இருமல். சுவருக்கும் சுரண்டுவதற்கும் நடுவில் வந்த இருமல். அது மாப்ளயின் இருமல் இல்லை. காலையில் அவன் இருமியது. அதே இடத்தில். அதே நீளத்தில். சோறாம் என்றது அந்தக் குரல். தன் பெண்டாட்டி சொன்னதை எவன் ‘ஆம்’ போட்டுச் சொல்வான்? மாப்ள எந்த வார்த்தையை, எந்த நாளில், திருப்பிச் சொல்லியிருக்கிறான்?

“பிரிட்ஜ் பேசுகிறது,” என்றது ஹெட்போன். “பின்தளத்தில் யாரும் இல்லை. அவசர ஏணியின் மேல்மூடி உள்பக்கம் பூட்டியபடியே இருக்கிறது.”

கிளி எழுந்தான். ஹெட்போன் கம்பி இழுத்து அவனை மறுபடி உட்கார வைத்தது.

“சார். தொறக்கணும். மாப்ள உள்ள இருக்கான். நான் தப்பாச் சொல்லிட்டேன். சார், தொறக்கச் சொல்லுங்க.”

சீஃப் அவனைப் பார்த்தார். பிறகு முடியாது என்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“மூடி வரைக்கும் தண்ணி முட்டி நிக்கும் இப்ப. தொறந்தா எல்லாரும் போவோம்.”

“கால்ல விழுறேன் சார். என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“தெரியலப்பா,” என்றார் சீஃப். அவர் கண்ணிலும் தண்ணீர். “எனக்குத் தெரியல.”

“தம்பி,” என்றார் தச்சர் போனில். “கீழேருந்து தட்டுறாங்க.”

கிளிக்கும் கேட்டது. தச்சரின் மைக் வழியாக. டொக். டொக். டொக். இரும்பில் விரல் முட்டி. உயிரோடு இருக்கிறான். கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் காற்றில் மூக்கை நீட்டிக்கொண்டு. இருக்கலாம். இருக்கக்கூடாதா? தலையை மேஜையில் முட்டிக்கொண்டான். கடவுளே. கடவுளே. கடவுளே.

டொக். டொக்.

அப்போது கம்பியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.

“மூடி. கட்டுப்பாட்டு அறை,” என்றது ஒரு குரல். “மூடியைத் திற.”

அவன் குரல். கிளியின் குரல். ஏற்றம், இறக்கம், மூச்சு, எல்லாம். அவன் வாய் மூடியிருந்தது.

உடனே கத்தியிருக்க வேண்டும். கட்டைவிரல் பொத்தானில்தான் இருந்தது. ஆனால் கிளி கத்தவில்லை. ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், வாயைத் திறக்கவில்லை. அவன் கெஞ்சிக் கேட்டதைத்தானே அது சொல்கிறது. அவனுக்கு வாய் வராத உத்தரவைத்தானே. தட்டுகிறது மாப்ளதானே. திறக்கட்டும். யார் சொன்னால் என்ன, திறக்கட்டும்.

“மூடியைத் திறக்கவா?” தச்சர் தயங்கினார். “இப்பத்தானப்பா அடைக்கச் சொன்ன?”

“அண்ணே, வேணாம்!” குரல் இப்போதுதான் வந்தது. பிய்ந்து வந்தது. “அது நான் இல்ல! தொறக்காதீங்க, நான் சொல்லல, அண்ணே, நான்தான் கிளி, அய்யோ...”

“யாரு பேசுறது? ஒண்ணும் புரியல. ஒழுங்காச் சொல்லுங்க.”

“கட்டுப்பாட்டு அறை,” என்றது அந்தக் குரல், நிதானமாக. “மூடியைத் திற.”

“நான்தான்ணே! நான்... சீஃப், தச்சர் தொறக்கப் போறார், ஓடுங்க சார், ஓடிப்போய்...”

சீஃப் ஒன்றும் புரியாமல் ஓடினார். கதவு டமாரென்று மோதியது. காலடிகள் தேய்ந்தன. தூரம். ரொம்ப தூரம்.

“மூடியைத் திறக்கிறேன்,” என்றார் தச்சர். “தெளிவு.”

கிறீச். கிறீச்.

“அண்ணே. அண்ணே. அண்ணே.”

கிறீச்.

தண்ணீர் பீறிடும் சத்தத்துக்காகக் கிளி கண்ணை இறுக்கி மூடினான். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

“என்ன இது,” என்றார் தச்சர். “தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்குது. அசையவே இல்ல. எண்ணெய்கூட அசையல.”

“மூடுங்கண்ணே.”

“இரு, இரு. கை தெரியுது. மாப்ளதான் தம்பி! புடிச்சிட்டேன்!”

புடிச்சிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் கிளியின் நெஞ்சு வெட்கமில்லாமல் துள்ளியது.

“ஜில்லுனு இருக்கே. தம்பி... கண்ணு தொறந்து கிடக்கு. மூச்சு இல்ல.” தச்சரின் மூச்சு மைக்கில் இரைந்தது. “மூச்சு இல்ல, ஆனா வாய் அசையுது.”

அது இப்போது தச்சரின் மைக்குக்கு வெகு பக்கத்தில் கேட்டது. ஈரமான உதடுகள். “மேலே வருகிறேன். தெளிவு. மேலே வருகிறேன். தெளிவு. மேலே வருகிறேன்.”

“கைய விடுங்க!”

“விட முடியல தம்பி. அவனாவே மேல வரல. கீழேருந்து யாரோ தூக்கிக் குடுக்குறாங்க. இடுப்பப் புடிச்சு, பத்திரமா, கொழந்தையத் தூக்குற மாதிரி. இரு, டார்ச்சு அடிக்கிறேன்.”

டார்ச்சின் பொத்தான் சொடுக்கியது.

“தண்ணிக்கு அடியில நீ நிக்கிற தம்பி,” என்றார் தச்சர். “என்னயும் எறங்கி வரச் சொல்லிக் கை நீட்டுற.”